அட்டையில் புலி இருந்தால்?

அந்தமானின் புரோத்ராபூரில் காதில் ஹெட்போன் மாட்டிய பையன்களிடம் பாடகி எம்.ஐ.ஏ. என்றால் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைச் சொல்வார்கள். அவர்களுடைய சித்தப்பாக்களிடம் கேட்டால், "அந்தப் புலிக்காரர் மகளா?" என்பார்கள். 2005-இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பு 'அருளர்'. அதன் அட்டையைப் புலிக்கொடி என்று சொல்லும் பேச்செல்லாம் இந்தச் சித்தப்பா கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வியே தப்பு. எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருட்பிரகாசத்தின் அப்பா விடுதலைப் புலிகள் இயக்கத்தவர் அல்லர். அருளர் என்பது அவருடைய இயக்கப் பெயர். அந்த இயக்கம் 1975-இல் லண்டனில் உருவான ஈரோஸ். அதன் நிறுவனர்களில் ஒருவர் அவர். 1977 கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிவந்த கப்பலை வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலும் எழுதினார். ஈழம் கேட்டவர் எல்லாரும் புலி என்று ஒரே பெட்டியில் போட்டு மூடுவது வெளியாருக்கு வசதி. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய மலையகத் தமிழர்கள் இதே யூனியன் பிரதேசத்தில்தான் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் என்றால் ஒரே கூட்டமில்லை என்பது இங்கே யாருக்கும் புதுச் செய்தியல்ல.

சரி, அட்டையில் புலி இருக்கிறதே? இருக்கிறது. டாங்கியும் இருக்கிறது, குண்டும் இருக்கிறது, ஏ.கே.47-உம் இருக்கிறது. தெருச்சுவரில் தகடு வைத்து ஸ்ப்ரே அடித்த பாணியில் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் நடுவில் இருப்பது அந்தப் பெண்ணின் முகம். புலிகளின் சின்னத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் நடுநாயகம் கர்ஜிக்கும் புலித்தலை, சுற்றிலும் தோட்டா வளையம், பின்னால் குறுக்கே இரண்டு துப்பாக்கிகள். இந்த அட்டையில் புலி, ஓரத்து ஆயுதக் குவியலில் ஒன்று. போர் நடந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண், தன் முகத்தைச் சுற்றி எதையெல்லாம் பார்த்தாளோ அதை வரைந்திருக்கிறாள் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆறு மாதக் குழந்தையாக லண்டனிலிருந்து இலங்கைக்குப் போய், 1986-இல் அகதியாக லண்டன் திரும்பியவர் அவர். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிரிட்டன் புலிகளைத் தடை செய்தது 2001-இல். நான்கு வருடம் கழித்து அதே பிரிட்டனில் இந்தத் தட்டு கடைகளில் தாராளமாக விற்றது, மெர்குரி இசைப் பரிசுக்கும் பரிந்துரையானது.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் விற்பனைக்குச் செய்த வேலை" என்பார்கள் சிலர். பாடகி ஆவதற்கு முன்பே மாதங்கி ஓவியர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தவர். இதே பாணிப் படங்களை 2002-இல் புத்தகமாகவும் போட்டவர். அட்டையைச் செய்ததும் அவரும் நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜும்தான். ஆனால் ஆபத்தான பெண் என்ற பெயர் தட்டு விற்க உதவவில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். உதவியது. அதற்கு விலையும் இருந்தது: 2006-இல் அமெரிக்க விசா சிக்கலில் மாட்டினார்.

இந்த அட்டை பங்க் இசை மரபைச் சேர்ந்தது என்றால், "இவர் ராப் பாடகி, பங்க் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் குழுவின் 'தி மெனஸ்' (2000) அட்டைப்படம் இவர் கைவண்ணம். அந்தக் குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன்தான் இவரைப் பாட்டுப் பக்கம் திருப்பியவர்களில் ஒருவர். 'பேப்பர் பிளேன்ஸ்' ஓடுவதே தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் இசைத்துண்டின் மேல்தான். அட்டையின் வேலைப்பாடும் பங்க் வழி வந்தது. 1977-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்காக ஜேமி ரீட், பிரிட்டன் அரசியின் படத்தில் கண்ணையும் வாயையும் கிழித்து, அங்கே கத்தரித்த எழுத்துகளை ஒட்டினார். அதிகாரத்தின் படத்தையே எடுத்துக் கலைத்துப் போடும் வித்தை அது. அட்டையைக் குற்றமாகப் பார்ப்பதும் புதிதல்ல: அதே வருடம் அந்தக் குழுவின் இசைத்தட்டு அட்டையில் இருந்த ஒரு கொச்சைச் சொல்லுக்காக நாட்டிங்காமில் கடைக்காரர் மேல் வழக்குப் போட்டார்கள். ஓர் ஆங்கிலப் பேராசிரியர் கூண்டேறி, அந்தச் சொல் ஒருகாலத்தில் பாதிரியாரைக் குறித்தது என்று சாட்சி சொன்னார்! கடைக்காரர் விடுதலையானார்.

மகள் அப்பாவைப் போற்றிப் பாடிய தொகுப்பு என்ற கடைசிக் கதையும் நிற்காது. அப்பா பெரும்பாலும் வீட்டில் இல்லாதவர். இந்தப் பெயரை வைத்தால் எங்கிருந்தாலும் தன்னைத் தேடி வருவார் என்று நினைத்ததாக மாதங்கி சொல்லியிருக்கிறார். அப்பாவிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது: பெயரை மாற்று என்று. மகள் மாற்றவில்லை. இரண்டாவது தொகுப்புக்கு, பிள்ளைகளைத் தனியாக வளர்த்த அம்மாவின் பெயரை வைத்தார்: 'கலா', 2007.

அட்டையைக் குற்றம் சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆயுதங்களை இவ்வளவு அழகாக வரையலாமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. புலிக்கொடி என்று மட்டும் சொல்லாதீர்கள்.