சுவர் சுவிட்ச்சில் தொடங்கு

அன்புத் தம்பிக்கு,

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மின்பணிப் படிப்பை முடித்த கையோடு, பூன் லேயில் ஒரு வீட்டுக்கு ஸ்மார்ட் விளக்கு போடும் வேலையைப் பிடித்திருக்கிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். எந்த பிராண்டு வாங்கலாம், எந்தச் செயலி நல்லது என்று கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த வீட்டுச் சுவரைப் பார், பிறகு அங்கே குடியிருப்பவர்களைப் பார். இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: நீ எத்தனை கருவி மாட்டினாலும், சுவரில் கை வைத்தால் விளக்கு எரிய வேண்டும், யார் கை வைத்தாலும் எரிய வேண்டும்.

பூன் லேயின் பழைய புளோக்குகள் 1970களில் எழுந்தவை. அந்தக் காலத்து வயரிங்கில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இருக்காது. லைவ் ஒன்று வரும், விளக்குக்குப் போகும் வயர் ஒன்று கிளம்பும், அவ்வளவுதான். இரண்டுமே சிவப்பாக இருப்பதும் உண்டு. நிறத்தை நம்பாதே, மெயினை அணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வை.

ஸ்மார்ட் சுவிட்ச் ஓயாமல் விழித்திருக்கும் சாமான். விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாத இடத்துக்கென்று விற்கப்படும் சுவிட்ச்கள் அந்தச் சிறு மின்சாரத்தை விளக்கின் வழியாகவே இழுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது. ஐந்து வாட் எல்இடி பல்போ அணைத்த பிறகும் மங்கலாக எரியும், இல்லையென்றால் சிமிட்டும். அதற்குத்தான் சுவிட்ச்சோடு ஒரு சிறு பைபாஸ் கெப்பாசிட்டர் தருகிறார்கள். அதை விளக்குப் பக்கத்தில், லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே போட வேண்டும். சுவிட்ச் பெட்டிக்குள் போட்டுப் பயனில்லை. அவசரக்காரர்கள் சிலர் எர்த் வயரையே நியூட்ரலாக்கி விடுவார்கள். தம்பி, அதை ஒருநாளும் செய்யாதே. எர்த் வயர் உயிரைக் காக்க வைத்தது.

ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் கருவி அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் அது இல்லாமலே பலர் வாழ்ந்துவந்தார்கள். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் அது கட்டாயம். பழைய வீடுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. அது இல்லாத வீடு என்றால், ஸ்மார்ட் விளக்கைப் பற்றிப் பேசுமுன் அதைப் போடச் சொல். சுவருக்குள் இருக்கும் வயரைத் தொடும் வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். உன் உரிமம் கைக்கு வரும்வரை உரிமம் உள்ள ஓர் அண்ணனோடு போ. பாலஸ்டியர் சாலை விளக்குக் கடைகளிலோ சிம் லிம் டவரிலோ நேரில் பார்த்து வாங்கு. இணையத்தில் மலிவு என்று, பாதுகாப்புச் சின்னம் இல்லாத சுவிட்ச்சை யார் வீட்டுச் சுவரிலும் புதைக்காதே.

பல்பை மாற்றினால் போதாதா என்று கேட்பாய். வாடகை வீட்டுக்கு அது போதும். குடும்பம் வாழும் வீட்டில், யாராவது பழக்கத்தில் சுவர் சுவிட்ச்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்பு செத்துக் கிடக்கும், செயலியில் எவ்வளவு தட்டினாலும் எழாது. அதனால் கூடத்துக்கும் நடைவழிக்கும் சுவிட்ச்சையே மாற்று; பல்பு சாதாரணமாகவே இருக்கட்டும்.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல், காற்றலை நெரிசல். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று எல்லா ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. ஸ்மார்ட் கருவிகள் தமக்குள் பேசப் பயன்படுத்தும் ஸிக்பீயும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. வைஃபை வழக்கமாக 1, 6, 11 ஆகிய சேனல்களில் இருக்கும். ஸிக்பீயை 25ஆம் சேனலுக்கு மாற்றினால் அந்த நெரிசலுக்கு வெளியே வந்துவிடலாம். இயன்றவரை 2022இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தை ஏற்கும் கருவியாக வாங்கு. நாளை ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் வீட்டுக்காரர் தவிக்க மாட்டார்.

இனி, வீட்டில் இருப்பவர்கள். பக்கத்திலேயே யூஹுவா பேட்டையில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதியோருக்கான கண்காணிப்புச் சென்சர்களை வீடுகளில் வைத்துச் சோதித்தது. பெரியவரின் வழக்கமான நடமாட்டம் மாறினால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும். யாருக்காக இந்தத் தொழில் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியவில்லை. நீ போகும் வீட்டிலும் பாட்டி இருப்பார். நள்ளிரவில் அவர் கழிவறைக்குப் போகும் வழியில், முழங்காலுக்குக் கீழே, 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தை மங்கலாக வை. கழிவறைக்குள் மட்டும் சாதாரண பிஐஆர் சென்சரை நம்பி இரண்டு நிமிடத்தில் அணையும்படி வைக்காதே. அது நகரும் உடல் வெப்பத்தைத்தான் உணரும். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை ஆளே இல்லை என்று எண்ணி இருட்டில் விட்டுவிடும். மில்லிமீட்டர் அலை சென்சர் வை. முடியாவிட்டால் அணையும் நேரத்தை அரைமணியாக்கு.

துவாஸில் இரவு வேலை முடித்துக் காலையில் வந்து படுக்கும் அப்பா இருக்கலாம். ஏழு மணிக்கு எல்லா விளக்கும் எரியும்படி வைத்தால் அவர் தூக்கம் போச்சு. ‘எல்லாம் அணை’ பட்டனில் சாமி விளக்கைச் சேர்த்துவிடாதே. பணிப்பெண்ணிடமும் கேள், அந்த வீட்டு விளக்குகளை அதிகம் போட்டு அணைப்பவர் அவர்தான், அவர் கையில் செயலி இருக்காது.

கடைசியாக நாணயம். கணக்கை வீட்டுக்காரர் மின்னஞ்சலில் திற, உன்னுடையதில் வேண்டாம். கடவுச்சொல்லை அவர்களே போடட்டும். கருவி வாங்கும்போது, 2020இல் தொடங்கிய இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் நான்கு நிலைகளில் எது அதில் இருக்கிறது என்று பார். எந்தச் சுவிட்ச் எந்தச் சர்க்கியூட், கெப்பாசிட்டர் எந்த விளக்கில் என்று ஒரு தாளில் எழுதி மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டு. நாளைக்கு வேறொருவர் வந்து பழுதுபார்ப்பார்.

வேலை முடிந்ததும் ரவுட்டரை அணைத்துவிட்டு, பாட்டியை அழைத்து ஒவ்வொரு அறையிலும் விளக்கைப் போடச் சொல். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் எல்லாவற்றையும் போட்டு அணைத்தால், மீதிப் பணத்தை வாங்கிக்கொள். ஓர் அறையில் தடுமாறினாலும், அந்தச் சுவிட்ச்சைச் சரிசெய்த பிறகு கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்