எழுதத் தெரிந்தவர் எட்ட இருக்கலாம்

வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருக்க ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழ் படிப்பு நல்லது என்பதைத்தான். கடைசியாக ஒரு முழுப் பக்கம் தெளிவாக எழுதியது எப்போது என்று நான் திருப்பிக் கேட்பேன். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு, லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள சிறு நிறுவனங்களின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தபோது, நான் வாய் திறக்காமலேயே மேலாளருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். திரையை முறைத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து மேசையில் எதையோ விசாரிக்கிறேன், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறேன் என்பதையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். ஊருக்கு வந்த பிறகு அந்தப் பாதி இல்லை. கிளையன்ட் என்னை அறிவது நான் எழுதி அனுப்புவதை வைத்து மட்டும்தான்.

அதனால் வேலை முடிகிற நேரத்தில் ஒரு குறிப்பு எழுதாமல் நான் எழுந்திருப்பதில்லை. எதைப் பார்த்தேன், என்ன தெரிந்தது, எதை மாற்றினேன், அவர்கள் எதை முடிவு செய்ய வேண்டும் என்பவை அதில் இருக்கும். முடிவு கேட்கும் வரி எப்போதும் முதலில் வரும். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி ஆகும்போது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அரைகுறையாக ஒரு கேள்வியை அனுப்பினால், ‘நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?’ என்ற பதில் வந்து சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடும்.

ஓர் உதாரணம். பெரிய டேபிள் ஒன்றில் புதிதாக இண்டெக்ஸ் போட வேண்டும். ‘இன்றிரவு இண்டெக்ஸ் போடலாமா?’ என்று கேட்டால், டேட்டாபேஸ் தெரியாத நிறுவனத் தலைவர் எதை வைத்துச் சரி சொல்வார்? நான் இப்படி எழுதுவேன்: சாதாரண முறையில் போட்டால், முடியும்வரை அந்த டேபிளில் புதிய ஆர்டர் எதுவும் பதிவாகாது. ‘கன்கரன்ட்லி’ முறையில் போட்டால் கடை திறந்தே இருக்கும், ஆனால் நேரம் கூடுதலாகும். நடுவில் தோற்றுப்போனால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை நான் நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவேன். இரண்டாவது முறையைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் நேரம் காலை ஆறு மணிக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தொடங்கிவிடுவேன். இந்த நாலைந்து வரியை எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த அரை மணிக்கும் சேர்த்துத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் எவரும் படிக்க வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, ஊழியர்கள் பல நாடுகளில் அவரவர் இடத்திலிருந்தே வேலை செய்யும் கிட்லேப் நிறுவனத்தில், ஒரு பொறியாளர் துணை சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அது பல நாளாகவே ஓடவில்லை: டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரியத்துக்காக எடுத்த நகல் ஒன்று இருந்ததால் தப்பினார்கள். அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயே போயின. நான் வியப்பது அடுத்து அவர்கள் செய்ததை. நடப்பதையெல்லாம் எவரும் படிக்கும்படி ஆவணமாக எழுதினார்கள், மீட்புப் பணியை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள், பிறகு காரணங்களை விரிவான அறிக்கையாக வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருப்பவர்களை மக்கள் நம்ப வேண்டுமென்றால் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். என் டெர்மினலில் முதன்மை சர்வருக்குச் சிவப்புப் பின்னணி, துணை சர்வருக்குப் பச்சை என்று வைத்திருப்பதற்குக் காரணம் இந்தச் சம்பவம்தான். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு சர்வரில் மீட்டுப் பார்த்து, முடிவை எழுதி அனுப்புவதும் அப்படித்தான் வந்தது.

கரண்டும் இணைய இணைப்பும் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். இவை தீர்க்கக்கூடியவை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் தேதி முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும்; அன்று பெரிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. மோடமும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் வாங்கினால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று தெருவில் இறங்கிப் பாருங்கள். சர்வரில் நீண்ட வேலை எதையும் டிமக்ஸுக்குள் ஓடவிடுங்கள். உங்கள் லைன் அறுந்தாலும் அங்கே வேலை நிற்காது.

கடிகாரம்தான் இன்னும் கவனிக்க வேண்டியது. நம் நாட்டில் ஆண்டு முழுக்க ஒரே நேரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள், பிரிட்டனில் அதே மாதத்தின் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்திருக்கும் கூட்டங்கள் ஒரு மணி நேரம் பிசகும். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இதே கதை. அழைப்பை எப்போதும் கிளையன்டின் நேர மண்டலத்திலேயே காலண்டரில் போடச் சொல்லுங்கள்.

வீட்டாருக்குப் புரிய வைப்பது மெதுவாகத்தான் நடக்கும். பக்கத்து வீட்டு மாமா காலை பத்து மணிக்கு வந்து, ‘வீட்லதானே இருக்கே தம்பி, பேங்க் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்’ என்பார். அன்போடு கேட்கிறார், மறுக்க மனசு வராது. ‘நாலு மணிக்கு மேல எனக்கு ஆபீஸ் மாமா, காலைல பதினொரு மணிக்குள்ளன்னா தாராளமா வரேன்’ என்று நேரத்தைச் சொல்லப் பழகினேன். இப்போது அவரே நேரம் கேட்டுத்தான் வருகிறார். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆனபோது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட நான் பக்கத்தில் இருந்தேன். லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை, ரயிலில் தட்கலுக்கு அலையவில்லை. இந்தத் தொழில் எனக்குக் கொடுத்தவற்றில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். புதிய கிளையன்ட் என்றால் ஒரு பங்கு முன்பணம் வாங்கிய பிறகே வேலை தொடங்குங்கள். ஒரு கிளையன்ட் மாதக்கணக்கில் பணத்தை இழுத்தடித்தபோது எனக்குக் கைகொடுத்தது, ‘நிலுவை முப்பது நாள் தாண்டினால் பணி நிற்கும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. அமெரிக்க கிளையன்ட் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று தெரிவிக்கும் படிவம் அது, இந்தியாவிலிருந்தே செய்யும் வேலைக்கு அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை. வங்கி நோக்கக் குறியீடு கேட்கும்போது, மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடம் அந்நியச் செலாவணி வரவுச் சான்று வாங்கி வையுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யூ.டி. உறுதிமொழியை நிதியாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லும் முறையில், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். அதில் போனால் முன்வரி முழுவதையும் மார்ச் 15க்குள் கட்டிவிட வேண்டும். சம்பளக்காரருக்கு மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். நமக்கு நாமேதான் பிடித்துக்கொள்ள வேண்டும். பணம் வந்த அன்றே ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன்.

தனிமையை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். என் முடிவு சரியா என்று உடனே கேட்க அறையில் ஆள் இல்லாததுதான் இதில் ஆகக் கடினமானது. அதே தொழிலில் உள்ள இருவரோடு வாரம் ஒருமுறை பேசுகிறேன். கிளையன்ட் பெயரைச் சொல்லாமல் சிக்கலை மட்டும் முன்வைப்போம், ஒருவர் தவறை மற்றவர் பிடிப்போம். கல்லூரி முடித்த கையோடு இதற்கு வருவதை நான் ஆதரிப்பதில்லை. சில ஆண்டுகளாவது ஓர் அலுவலகத்தில், உங்களைவிடத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

அதன்பின் தொடங்குவதற்கு நான் சொல்லும் வழி இது. நேரடியாக மாத ஒப்பந்தம் கேட்காதீர்கள். ஒரு சிறு நிறுவனத்தின் டேட்டாபேஸை ஒரு வாரம் பரிசோதித்து அறிக்கை தருவதாக, நிலையான தொகை பேசுங்கள். பேக்கப் மீள்கிறதா, எந்த வினவல்கள் மெதுவாக ஓடுகின்றன, எந்த இண்டெக்ஸ் பயன்படாமல் கிடக்கிறது, யார் யாருக்கு அளவுக்கு மீறிய அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். பத்துப் பக்கத்துக்குள் எழுதுங்கள். முதல் பக்கத்தை, டேட்டாபேஸ் பற்றி எதுவும் தெரியாத உங்கள் வீட்டார் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவருக்குப் புரிகிறவரை திருத்தி எழுதுங்கள்; பிறகு அனுப்புங்கள்.