அரைமண்டியும் முட்டிச் சில்லும்

அன்புக் கண்ணு,

புஷ்ய மண்டபப் படித்துறையில் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் முட்டிக்கு முன்னால் குத்துகிறது, வெகுநேரம் சம்மணமிட்டு எழுந்தாலும் அப்படியே என்று எழுதியிருந்தாய். பிசியோதெரபி பார்த்தே வயதான எனக்கு இந்த இரண்டு அடையாளமும் முட்டிச் சில்லைத்தான் காட்டுகின்றன.

தொடையெலும்பின் நுனியில் உள்ள பள்ளத்தில் சில்லு மேலும் கீழும் ஓட வேண்டும். ராட்டினக் கயிறு பள்ளத்தை விட்டு ஓரத்தில் உரசுவதுபோல, அது வெளிப்பக்கம் இழுபட்டால் வலிக்கும். படி இறங்கும்போது அதன்மேல் உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு அழுத்தம் விழுகிறது. முழுதாகக் குந்தும் முழுமண்டியில் இன்னும் அதிகம்.

முட்டிகளை மடக்கிப் பக்கவாட்டில் விரித்து நிற்கும் உன் அரைமண்டிமேல்தான் எனக்குச் சந்தேகம். பரதத்தில், நட்டுவனார்களான தஞ்சை நால்வர் காலத்திலிருந்து அடவுகளுக்கு அதுவே ஆதாரம். ஆனால் அந்த விரிப்பு இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வலுவில் திருப்பி வைத்தால் முட்டி உள்பக்கம் சாயும், சில்லு வெளியே போகும். கண்ணாடி முன் அரைமண்டியில் உட்கார்ந்து பார்: முட்டி இரண்டாம் கால்விரலுக்கு நேரே நிற்கிறதா? இல்லையென்றால் பாதத் திருப்பத்தைக் குறை. அழகு குறையுமே என்று பயப்படாதே, உன் டீச்சரிடம் நான் பேசுகிறேன்.

நடனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் முழுமண்டியும் குதிக்கும் அடவும் வேண்டாம், வெறும் சிமென்ட் தரையும் வேண்டாம். பிட்டத்துத் தசையும் முன்தொடைத் தசையும் வலுப்பட வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முட்டியை மட்டும் திற. அது பழகியபின், தாழ்வான பலகையில் ஒரு காலில் நின்று, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறு. லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் நீடித்தால் அளவைக் குறை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், பொறுமையாக இரு. ஜென்னி மெக்கானல் என்ற ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் 1980களில் கொண்டுவந்த டேப் ஒட்டும் முறை வலியைக் கொஞ்ச காலம் தணிக்கும். தசையின் வேலையை அது செய்யாது.

முட்டி வீங்கினாலோ, மடங்காமல் மாட்டிக்கொண்டாலோ, சில்லு இடம் பெயர்ந்தாலோ அப்பாவோடு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. சில்லு திரும்பத் திரும்ப நழுவினால்தான் ஆபரேஷன் பேச்சே. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் வலி பொய் என்று நினைத்துவிடாதே; சில்லு ஓடும் விதம் அசையாத படத்தில் பிடிபடாது.

கண்ணாடியில் பார்த்ததை எழுது.

உன் அத்தை