புழுக்கத்தைக் கவனியுங்கள்: உடல் சூடு எப்படி வெளியேறுகிறது?

காலையில் எழுந்ததும் செல்போனில் வானிலையைப் பார்ப்பது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. "இன்னைக்கு 36 டிகிரிதான், பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அதே திரையில் கொஞ்சம் கீழே 'ஈரப்பதம்' என்று இன்னொரு எண் இருக்கும். அதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அன்றைய வெக்கையை உங்கள் உடம்பு தாங்குமா என்பதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏன் என்று தெரிந்துகொள்ள, உடல் சூடு எப்படி வெளியேறுகிறது என்று முதலில் பார்ப்போம்.

சூடு வெளியேறும் நான்கு வழிகள்

நம் உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்று உள்ளே எரிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை தூக்கும்போதும் கலவை போடும்போதும் இது பல மடங்கு ஆகும்.

இந்தச் சூடு நான்கு வழிகளில் வெளியே போகிறது. தோலிலிருந்து கதிர்வீச்சாகப் போவது, குளிர்ந்த தரையையோ சுவரையோ தொடும்போது அதற்குக் கடத்தப்படுவது, காற்று பட்டு அடித்துச் செல்லப்படுவது, வியர்வை ஆவியாகும்போது அதோடு சேர்ந்து போவது.

முதல் மூன்று வழிகளும் சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். கோடையில் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளியே 38 டிகிரி என்றால், அந்த மூன்று வழியாகவும் சூடு உள்ளே வர ஆரம்பித்துவிடும். அப்போது மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான்.

நம்பிக்கை 1: "நல்லா வேர்த்து ஊத்தினா சூடு இறங்கிடும்"

வேர்த்தால் மட்டும் போதாது, வேர்வை காய வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலேயே ஆவியானால், சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஆறு மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பத்துக்கு அது சமம். தரையில் சொட்டும் வியர்வையால் அந்தப் பலன் இல்லை. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. காற்று வறண்டிருக்கும் நாளில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அவ்வளவாகக் குளிராது. நம் உடம்புக்கும் இதே கதைதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காய இடமில்லை. இதைத்தான் நாம் 'புழுக்கம்' என்கிறோம்.

நம்பிக்கை 2: "40 டிகிரி தாண்டினாத்தான் ஆபத்து"

40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு மதியத்தைவிட, 36 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள மதியம் உடலுக்கு அதிகச் சுமை. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வெப்ப அலைக்கு எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்கவில்லை. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி, மலைப்பகுதியில் 30 டிகிரி என்பவை தொடக்க அளவுகள். இதோடு அந்த இடத்தின் வழக்கமான வெப்பநிலையைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் அறிவிப்பார்கள். எனவே சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் "வேலூர் அளவுக்கு இங்க வெயில் இல்லையே" என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

நம்பிக்கை 3: "ஃபேன் இருந்தா போதும்"

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, நகர்த்த மட்டுமே செய்கிறது. அந்தக் காற்று பட்டு வியர்வை காய்வதால்தான் நமக்குக் குளிர்ச்சி தெரிகிறது. அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஃபேன் அனல் காற்றை உங்கள் மேல் வீசுவதாக ஆகிவிடும். 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் மின்விசிறியை நம்பலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனுக்கு முன் உட்காருங்கள். வியர்வை செய்யும் வேலையை அந்த ஈரம் செய்யும். வயதானவர்களுக்கு வியர்வையும் தாகமும் குறைவாக இருக்கும் என்பதால் அவர்களுக்கு இது கூடுதலாக உதவும்.

நம்பிக்கை 4: "பாதிச் சூடு தலை வழியாத்தான் போகுது"

உலகம் முழுக்கப் பரவிய நம்பிக்கை இது. அமெரிக்க ராணுவத்தின் பழைய கையேடு ஒன்றிலேயே இப்படி எழுதியிருந்தார்கள். பெரியவர்களுக்குத் தலை என்பது உடலின் மொத்தப் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். வெளியேறும் சூடும் ஏறக்குறைய அதே அளவுதான். தலையில் ஈரத்துண்டு போடுவது நல்லது, வெயிலும் நேரடியாகப் படாது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாமல் கழுத்து, கை, மார்பு என்று எவ்வளவு இடத்தை நனைக்க முடியுமோ அவ்வளவு நனையுங்கள்.

நம்பிக்கை 5: "குளிருக்கு ரெண்டு பெக் போட்டா உடம்பு சூடாகும்"

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. மது அருந்தினால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தெரியும். உண்மையில் உள்சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். கோடையில் "பீர் குளிர்ச்சி" என்பதும் சரியல்ல. மது சிறுநீரைக் கூட்டி உடலின் நீரைக் குறைக்கும்.

நம்பிக்கை 6: "மயங்கினவங்க மேல தண்ணி ஊத்தினா ஜன்னி வந்துடும்"

உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை இதுதான். உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, ஒருவர் உளறினாலோ வலிப்பு வந்தாலோ நினைவிழந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பத் தாக்கு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

- உடனே 108-க்கு அழையுங்கள்.
- நிழலுக்குக் கொண்டுபோய் இறுக்கமான உடைகளைத் தளர்த்துங்கள்.
- உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, தொடர்ந்து விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள்.
- நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.
- காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இந்தச் சூடு இறங்காது.

"வேர்க்குதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்காது" என்றும் விட்டுவிடாதீர்கள். வெயிலில் கடுமையாக வேலை செய்தவருக்கு, வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இது வரலாம்.

உங்கள் செல்போனில் செய்ய வேண்டியவை

1. வானிலையைப் பார்க்கும்போது வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 'உணரப்படும் வெப்பநிலை' என்று தனியாக இருந்தால் அதையும் பாருங்கள்.
2. தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியையும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 'மௌசம்' செயலியையும் பதிவிறக்கி, அறிவிப்புகளுக்கு அனுமதி கொடுங்கள்.
3. அவசர ஊர்தி 108, மருத்துவ ஆலோசனை 104, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த நான்கையும் பெயரோடு சேமித்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும் சேமித்துக் கொடுங்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு, இறப்புக்கான காரணம் உரிய முறையில் சான்றளிக்கப்பட்டால், ₹4 லட்சம் நிவாரணம் உண்டு. ஆனால் அந்த நிலை யாருக்கும் வர வேண்டியதில்லை. பக்கத்தில் யாராவது வெயிலில் சுருண்டு விழுந்தால் ஜன்னிக்குப் பயந்து நிற்காதீர்கள். ஒரு கை 108-ஐ அழைக்கட்டும், இன்னொரு கை தண்ணீர்க் குடத்தை எடுக்கட்டும்.