கணிப்பொறிப் பாடம்: பழைய லேப்டாப்புக்குப் புது டிஸ்க்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் வியாபாரத்தின் பெரும் பகுதி கடன் வியாபாரம். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் மாதம் முழுதும் சிட்டையில் எழுதிச் சாமான் வாங்குவார்கள். சம்பளம் வந்ததும் கணக்கைத் தீர்ப்பார்கள். முன்பு அந்தக் கணக்கு பேரேட்டில் இருந்தது. இன்று பலரது கடையில் அது ஒரு பழைய லேப்டாப்பின் வயிற்றில் இருக்கிறது. அந்த லேப்டாப்பைப் பற்றியதே இந்தப் பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அன்று தேதி 18. ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு தாக்கல் செய்ய 20-ஆம் தேதி கடைசி நாள். காலையில் கடை திறந்து லேப்டாப்பைப் போட்டால் உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம். திரையில் டிஸ்க் இல்லை என்ற அறிவிப்பு. ஆறு வருடம் உழைத்த இயந்திரம் அது. இரண்டு மாதமாகவே ஒரு பில் போடுவதற்குள் டீ குடித்து வந்துவிடலாம் என்ற அளவுக்கு மந்தமாகியிருந்தது. அது எச்சரிக்கை என்று எனக்குப் புரியவில்லை. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். உள்ளே இருப்பதை மீட்கப் பெரிய தொகை ஆகும், அப்போதும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

கொள்முதல் பில்கள் காகிதத்தில் இருந்தன. ஆடிட்டரிடம் முந்தைய மாதங்களின் நகல் இருந்தது. தாக்கல் எப்படியோ முடிந்தது. ஆனால் நான்கு மாதக் கடன் பாக்கி லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. என்னைக் காப்பாற்றியது வாடிக்கையாளர்களின் கையில் இருந்த சிட்டைதான். ஒவ்வொருவரிடமும் நிலைமையைச் சொன்னேன். பெரும்பாலோர் சிட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு வயதான அம்மா கொண்டுவந்த சிட்டையில் நான் நினைத்திருந்ததை விட அதிகப் பாக்கி இருந்தது. "எழுதினது எழுதினதுதானே தம்பி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். சிலர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கை ஒரே இடத்தில் வைத்தது என் தவறு.

ஹார்டு டிஸ்க் ஏன் கெடுகிறது?

பழைய லேப்டாப்புகளில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஒரு தட்டு. அதன்மேல் தொட்டும் தொடாமலும் ஓர் ஊசிமுனை பறந்தபடி படிக்கும், எழுதும். ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் இத்தகைய முதல் டிஸ்க்கை வெளியிட்டபோது அது ஒரு டன் எடைக்கு மேல் இருந்தது. அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துக்கள். இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. ஆனால் சுழலும் பொருள் தேயும், அதிர்ச்சிக்கு அஞ்சும். கல்லாவில் இருந்து லேப்டாப் நழுவினாலும், மின்சாரம் திடீரென்று போனாலும் முதலில் அடி படுவது இதுவே.

இதற்கு மாற்று எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எல்லாம் சிப். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த பிளாஷ் மெமரியே இதன் அடிப்படை. பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன் எல்லாவற்றிலும் இருப்பது அதே இனம்தான்.

வேகத்தைப் பாருங்கள். லேப்டாப் ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்.பி. படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 500 எம்.பி. படிக்கும். புது லேப்டாப்புகளில் உள்ள என்.வி.எம்.இ. வகை 3,000 எம்.பி.க்கு மேலும் போகும். நம் பில்லிங் வேலைக்குச் சாட்டா வகையே தாராளம்.

உங்கள் லேப்டாப்புக்கு எது பொருந்தும்?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. படிப்பு முடிந்த பிறகு அவற்றில் பல நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. மகனோ மகளோ பழைய லேப்டாப்பைக் கடைக்குக் கொடுத்திருந்தால் அதைப் பயனற்றது என்று ஒதுக்க வேண்டாம். சுழலும் டிஸ்க் உள்ள அக்காலத்து லேப்டாப்புகளில் பெரும்பாலானவை 2.5 அங்குலச் சாட்டா டிஸ்க்கை ஏற்பவை. வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, தடிமன். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. அல்லது 7 மி.மீ. இருக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் 7 மி.மீ. இடைவெளி இருந்தால் ஆடாமல் இருக்க ஒரு சட்டம் வைத்துப் பொருத்தலாம்.

இரண்டு, எம்.2 என்ற மெல்லிய பட்டை வகை. இதில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிய பிறகே வாங்குங்கள்.

மூன்று, ரேம். 2 ஜி.பி. மட்டும் இருந்தால் எஸ்.எஸ்.டி. போட்டாலும் முழுப் பயன் கிடைக்காது. 4 அல்லது 8 ஜி.பி. ஆக்குங்கள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 ஒன்றுக்கொன்று பொருந்தாது. டி.டி.ஆர்.3-லேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரு வகை உண்டு.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மிகப் பழைய லேப்டாப்புகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கா. புது டிஸ்க் போட்டாலும் இந்தக் குறை தீராது. அத்தகைய இயந்திரத்தில் பில் போடலாம், கணக்கு வைக்கலாம். வங்கி வேலையை அதில் செய்ய வேண்டாம்.

எடை குறைகிறதா?

240 ஜி.பி. என்று வாங்கி வந்து போட்டால் லேப்டாப் 223 என்று காட்டும். 500 என்றால் 465. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. வீசைக் கணக்கில் வாங்கிக் கிலோக் கணக்கில் பார்ப்பது போல. சரக்கு ஒன்றே, படிக்கல்தான் வேறு. கடைக் கணக்குக்கு 240 அல்லது 256 ஜி.பி. போதும். 2025-இன் பிற்பகுதியில் மெமரி சிப்புகளின் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியது. ஆகவே வேலூரிலும் சென்னை ரிச்சி தெருவிலும் விலை விசாரித்து, பில்லோடும் உத்தரவாதத்தோடும் வாங்குங்கள்.

மாற்றும் முறை

1. முதல் வேலை நகல். டிஸ்க்கைத் தொடுமுன் கணக்குக் கோப்புகள் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். அதைத் திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

2. பழைய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு மாற்றும் 'குளோன்' முறை உண்டு. குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் பழைய டிஸ்க் ஏற்கனவே தகராறு செய்தால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல்.

3. சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் முதலில் அதன் இணைப்பை எடுக்க வேண்டும்.

4. கழற்றும் ஸ்க்ரூக்களை எந்த இடத்தில் இருந்து எடுத்தீர்கள் என்று தாளில் வரைந்து அங்கங்கே ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டு துளைபடும்.

5. இரும்பு எதையாவது தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும்.

6. மாற்றிய பிறகு பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். பிறகு விற்பதானால் முழுவதையும் அழித்த பின்பே விற்க வேண்டும். அதில் உங்கள் வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் இருக்கிறது.

உத்தரவாதக் காலம் முடியாத லேப்டாப் என்றால் நீங்களே திறக்காமல் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

நம் ஊர்க் காற்று

தோலில் இருந்து மயிர் நீக்கச் சோடியம் சல்பைடும் சுண்ணாம்பும் பயன்படுகின்றன. அந்தக் கழிவுநீரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். இந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே வினைதான். லேப்டாப்பின் உள்ளே இருப்பதும் செம்பும் வெள்ளியும்தான். தங்க முலாம் பூசிய ரேம் முனைகள் தாக்குப் பிடிக்கும். மற்ற இணைப்புகள் நாளடைவில் கெடலாம். ஆகவே டேனரிக்கு அருகில் கடை உள்ளவர்கள் இரவில் லேப்டாப்பை மூடிய பெட்டியில் வையுங்கள். கழற்றும்போது ரேம் முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மிளகாய்த்தூள், மாவுத்தூசு படியும் மளிகைக் கடைக்கு ஆண்டுக்கு ஒரு முறை விசிறியைச் சுத்தம் செய்வதும் அவசியம்.

இணைப்பு

பழைய லேப்டாப்புகள் பலவற்றின் வை-பை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே: 1, 6, 11. பஜாரில் இருபது கடைக்காரர்களின் ரவுட்டர்கள் இந்த மூன்றில் நெருக்கியடிக்கும்போது பில் அனுப்புவது தடுமாறத்தான் செய்யும். இதற்கு வழிகள் மூன்று.

கல்லாவுக்கு அருகில் ரவுட்டர் இருந்தால் லேன் கேபிளே சிறந்தது. செலவும் குறைவு. அது முடியாதபோது 5 கிகாஹெர்ட்ஸ் ஏற்கும் வை-பை டாங்கிளை யு.எஸ்.பி. துளையில் செருகலாம். எட்டும் தூரம் குறைவு என்றாலும் நெரிசல் இராது. உள்ளே இருக்கும் வை-பை கார்டை மாற்றவும் முடியும். ஆனால் சில பழைய மாடல்கள் தங்கள் நிறுவனம் அனுமதித்த கார்டை மட்டுமே ஏற்கும். விசாரிக்காமல் வாங்கினால் பணம் வீண். செல்போன் இணையத்தை நம்பியிருப்போர் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் கேபிள் வழியாக இணைத்தால் அறுபடாமல் வரும்.

பிள்ளைகளின் விளையாட்டுக் கருவியும் போலிக் கார்டும்

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரிடம் கையடக்க விளையாட்டுக் கருவிகள் இருக்கின்றன. அவற்றிலும் இதே பாடம்தான். ஸ்டீம் டெக், 2023-இல் வந்த முதல் ஆர்.ஓ.ஜி. அல்லை போன்றவற்றில் 30 மி.மீ. நீளமுள்ள குட்டை எம்.2 எஸ்.எஸ்.டி.தான் பொருந்தும், லேப்டாப்பில் சாதாரணமாகக் காணப்படும் 80 மி.மீ. பட்டை உள்ளே போகாது. 2025 ஜூனில் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2-இல் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்டே வேண்டும்.

மெமரி கார்டு வாங்குவோரும், கடையில் வைத்து விற்போரும் கவனிக்க வேண்டியது போலி. 1 டி.பி. என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 32 ஜி.பி.தான் இருக்கும். கம்ப்யூட்டரும் 1 டி.பி. என்றே காட்டும். உண்மையான இடம் நிரம்பியதும் மேலும் எழுதுவது காணாமல் போகும், அல்லது பழையதை அழிக்கும். அடிப்பெட்டியில் கல் வைத்த மூட்டை போல. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுதும் நிரப்பிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். பாதி விலைக்கு வரும் கார்டை வாங்கி விற்று நம் கடைப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசி நாளில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 2031 டிசம்பர் வரை. மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் இருக்க வேண்டும், விபத்தில் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. டிஸ்க் போய்விட்டது என்பது அதிகாரியிடம் சொல்லத்தக்க பதில் அல்ல.

எஸ்.எஸ்.டி. போட்டாயிற்றே, இனிப் பயமில்லை என்றும் எண்ணாதீர்கள். ஹார்டு டிஸ்க் பல நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. ஒரு நாள் சொல்லாமல் போய்விடலாம். அதில் இருந்து மீட்பது இன்னும் கடினம். ஆகவே மூன்று நகல் வையுங்கள்: ஒன்று லேப்டாப்பில், ஒன்று பேக்கப் எடுக்கும்போது மட்டும் செருகும் வெளி டிஸ்க்கில், ஒன்று கடைக்கு வெளியே, வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. வெள்ளம், தீ, திருட்டு எது வந்தாலும் மூன்றும் ஒரே நாளில் போகாது.

என் கடையில் இப்போது இரவு கல்லாவை எண்ணி முடித்ததும் வெளி டிஸ்க்கைச் செருகி நகல் எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. சிட்டை எழுதுவதையும் நான் விடவில்லை. வாடிக்கையாளர் கையில் இருக்கும் அந்தச் சிறு புத்தகமும் நமக்கு ஒரு பேக்கப் என்பதை அந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டேன்.

இன்று கடை அடைக்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக் காலை இந்த லேப்டாப் திறக்காவிட்டால், யார் எவ்வளவு பாக்கி என்று என்னால் சொல்ல முடியுமா? முடியாது என்றால், முதல் நகலை இன்றிரவே எடுத்துவிடுங்கள். டிஸ்க் மாற்றுவது அடுத்த வாரம் ஆகட்டும்.