காசநோயில் ஆண் பெண் கணக்கு

அன்புள்ள யாழினிக்கு,

டி.பி. ஆண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது என்கிறார்களே, அது உடல்வாகா, பழக்கமா என்று கேட்டிருந்தாய். நர்சிங் முதலாண்டிலேயே உனக்கு இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

2023-இல் உலகில் டி.பி. வந்தவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் 55 சதவீதம் ஆண்கள், 33 சதவீதம் பெண்கள், மீதி பிள்ளைகள். ஆனால் கிருமி உடம்புக்குள் போவது வேறு, அது நோயாவது வேறு. கிருமி தொற்றிய பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் ஆண் பெண் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பருவ வயதுக்குப் பிறகுதான் ஆண்கள் பக்கம் கூடுகிறது. அந்த வயதில் ஹார்மோனும் மாறுகிறது, போகிற இடமும் பழகுகிற ஆட்களும் மாறுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அதனால்தான் கஷ்டம்.

ஆய்வுக்கூடத்தில் கிருமி ஏற்றிய ஆண் எலிகள் பெண் எலிகளுக்கு முன்பே செத்தன. விரை நீக்கப்பட்டவை கூடுதல் நாள் தாங்கின. டெஸ்டோஸ்டிரோனுக்கு இதில் பங்கு உண்டு என்று சந்தேகிக்க இது போதும். ஆனால் எலி பீடி பிடிப்பதில்லையே! சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி டாக்டர் கஜலட்சுமி குழுவினர் விசாரித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. புகைத்தவர்கள் டி.பி.யால் சாகும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். நம் பக்கத்துப் பெண்கள் அநேகமாகப் புகைப்பதில்லை. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு புகைக்குத்தான் என்பது என் எண்ணம்.

பெண்களைக் கண்டுபிடிக்காமல் விடுவதும் உண்டு. சளி டப்பாவைக் கையில் கொடுத்ததும் பல பெண்கள் கூச்சத்தில் முந்தானையால் வாயை மூடி, லேசாகக் கனைத்து, எச்சிலைத் துப்பிவிட்டு வந்துவிடுவார்கள். எச்சிலில் கிருமி எங்கே தெரியும்? பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு மையத்தில், நன்றாக மூச்சை இழுத்து, ஆழத்திலிருந்து இருமிச் சளியைக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், கிருமி தெரிந்த பெண்கள் நூற்றுக்கு 8 என்பது 13 ஆனது.

இதை வைத்து, கணக்கே தப்பு என்று நினைத்துவிடாதே. பல நாடுகளில் ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்தபோதும் ஆண்கள் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருப்பதைவிட அதிகம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களும் விடுபடுகிறார்கள்.

வார்டு டியூட்டிக்குப் போகும்போது சளி டப்பாவோடு ஒரு நிமிஷம் கூட நின்று, எப்படி இரும வேண்டும் என்று காட்டிக் கொடு. பிள்ளை பெற்றுச் சில மாதமே ஆன பெண் இருமினால், உடம்பு அசதி என்று அனுப்பிவிடாதே; அந்தச் சமயத்தில் டி.பி. வரும் வாய்ப்பு கூடுதல்.

அன்புடன்,
உன் அத்தை