மூலையில் தெரியும் உழைப்பு

சுவரும் தரையும் சந்திக்கும் இடத்தில் பொருத்தப்படும் நீளமான பலகை 'ஸ்கர்டிங்' எனப்படும். தரையைத் துடைக்கும்போது சுவர் அழுக்காகாமல் அது காக்கிறது. தரையோரத்து இடைவெளியையும் மறைக்கிறது.

இப்பலகையைப் பொருத்தும் தச்சரின் திறமை அறையின் மூலையில்தான் வெளிப்படும். மூலை 90 பாகை என்றால் இரு பலகைகளின் முனைகளையும் 45 பாகையில் அறுத்துச் சேர்க்கலாம். ஆனால், எல்லா மூலைகளும் அவ்வளவு சரியாக அமைவதில்லை. மூலை 92 பாகையாக இருந்தால் ஒவ்வொரு முனையும் 46 பாகையில் அமைய வேண்டும். அளக்காமல் அறுத்தால் இணைப்பில் இடுக்கு விழும்.

மரத்தின் இயல்பையும் தச்சர் அறிந்திருக்க வேண்டும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். ஈரப்பதம் மிகுந்த மலேசியாவில், கிடங்கிலிருந்து வந்த பலகையைக் குளிரூட்டப்பட்ட அறையில் உடனே பொருத்தினால், நாளடைவில் இணைப்பு விலகக்கூடும். ஆகவே, அனுபவமுள்ள தச்சர் பலகைகளை அதே அறையில் சில நாள்கள் வைத்திருந்து, பிறகே வேலையைத் தொடங்குவார்.

'பலகை வந்தும் வேலை நடக்கவில்லையே' என்று வீட்டுக்காரர் பொறுமை இழக்கலாம். இடுக்கில் புட்டியை அடைத்துச் சாயம் பூசினால் அன்று யாருக்கும் தெரியாது. பின்னர் அது வெடிப்பாகத் தெரியும்போது தச்சர் அங்கு இருக்கமாட்டார், வீட்டார்தான் இருப்பர். அதை எண்ணிக் காத்திருப்பவரே நல்ல தச்சர்.